பின்சீட்டில் அப்பா

இந்த ஊரில் காருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் புதுக் கார்களைச் சொல்லவில்லை, பெட்ரோல் குடிக்கும் என் பழைய காரைத்தான் சொல்கிறேன். வின்னிபெக்கில் மார்கழி, தை மாதங்களில் குளிர் இறங்கும்போது எஞ்சினுக்குள் ஆயில் கெட்டியாகிவிடும். அதைச் சூடாக வைத்திருக்கக் காரின் முன்பக்கத்தில் ஒரு ஒயர் தொங்கும். வேலை முடிந்து வந்ததும் அதைச் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். மறந்தால் மறுநாள் காலையில் வண்டி கிளம்பாது. மாட்டைக் கொட்டகையில் கட்டிவிட்டுப் போவதுபோல நானும் தினமும் கட்டிவிட்டுப் போகிறேன். வந்த புதிதில் இதைப் போனில் சொன்னபோது ஊரில் ஒருவரும் நம்பவில்லை. என் அண்ணி மட்டும் ஒரு நாளும் தவறாமல், காருக்குச் சோறு வைத்துவிட்டாயா என்று கேட்பாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்தக் காரைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்துவிட்டு, ஒலக்கூர் பக்கத்துக் காலனிப் பெண் கனடாவில் கப்பல் மாதிரி கார் வைத்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்களாம். கப்பல்தான், சந்தேகமில்லை. நம் ஊர் ஷேர் ஆட்டோ இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம். ஆனால் இது ஒரு காலத்தில் போலீஸ் வண்டி. ஓட்டி ஓட்டிச் சலித்துப்போய் ஏலத்தில் தள்ளிவிட்டார்கள். யாருக்கும் வேண்டாத வண்டி என் கைக்கு வந்தது. கூரையில் விளக்கு இருந்த ஓட்டைகளை அடைத்த தடம் இன்னும் தெரிகிறது. நெடுஞ்சாலையில் நான் பின்னால் வருவதைக் கண்ணாடியில் பார்த்ததும், முன்னால் போகிறவர்கள் பதறிப்போய் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எனக்கோ வேலைக்கு நேரமாகிக்கொண்டிருக்கும், அவர்களோ நகர மாட்டார்கள். அது குடிக்கிற பெட்ரோலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வரும், அதனால் விட்டுவிடுகிறேன்.

இந்தக் காலத்துக் கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கும். எஞ்சினின் கனமும் அதே சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பதால் பனியில் ஓரளவு பிடிமானம் கிடைக்கும். என் வண்டி அப்படி இல்லை. எஞ்சின் முன்னால் இருக்கிறது, தள்ளுவது பின்சக்கரம். பின்னால் இருப்பதோ நாலு பேர் படுக்கலாம் போன்ற காலி டிக்கி. கனமில்லாத சக்கரம் பனியில் சும்மா சுழலும், திருப்பத்தில் வால் தனியாக ஒரு பக்கம் போகும். நம் பழைய அம்பாசிடரும் இதே வகைதான். என் வீட்டுக்காரர் வாங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் குளிருக்கு இதைவிட மோசமான வண்டி தேடினாலும் கிடைக்காது, பைத்தியமா உனக்கு என்றார். பைத்தியம்தான். எனக்கு வெள்ளையாக, நீளமாக, பின்சக்கரம் தள்ளுகிற ஒரு கார் வேண்டியிருந்தது. அதில் முன்சீட்டில், எனக்குப் பக்கத்தில், என் அப்பா சவரிமுத்து உட்கார வேண்டும். அந்தக் காரிடம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அப்போது எங்கள் பக்கத்தில், யார் நிலத்தில் கூலி வேலை செய்கிறோமோ அவரை ஆண்டை என்றுதான் கூப்பிட வேண்டும். எங்கள் ஆண்டையிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. ஊரிலிருந்து தார் ரோடு வரைக்கும் ஏரிக்கரை மேல் களிமண் பாதை. ஐப்பசி மழையில் அந்தப் பாதையில் அம்பாசிடரின் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். ஆனால் ஆண்டைக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டியில் வேலை இருக்கும், இல்லையென்றால் விழுப்புரம் கோர்ட்டில் வாய்தா இருக்கும். அந்த நாட்களில் காலனிக்கு ஆள் வரும், ஜல்தியாக வரச் சொன்னதாக. அப்பா கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார். அப்பாவும் இன்னும் இரண்டு மூன்று பேரும் டிக்கியைத் திறந்து அதற்குள் ஏறி, காலைப் பம்பருக்கு வெளியே தொங்கவிட்டு உட்கார வேண்டும். பின்னால் கனம் ஏறினால் சக்கரம் மண்ணைப் பிடிக்கும், வண்டி கரை ஏறும். மல்லாட்டை மூட்டைகளையே ஏற்றியிருக்கலாம். ஆனால் மூட்டை நனைந்தால் கெட்டுவிடும், ஆள் நனைந்தால் காய்ந்துவிடும். தார் ரோடு வந்ததும் வண்டி நிற்கும், இவர்கள் இறங்குவார்கள், கார் போய்விடும். சக்கரம் வாரி இறைத்த சேறு இடுப்பு வரைக்கும் அப்பியிருக்க, அப்பா அத்தனை தூரமும் நடந்து திரும்பி வருவார்.

விழுப்புரத்தில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்து நான் சேரப் போன அன்றும் நல்ல மழை. ஊருக்குள் வரும் பஸ் வரவில்லை. ஆண்டைக்கு அன்றைக்கு விழுப்புரத்தில் வாய்தா, அப்பாவைக் கூப்பிட ஆள் வந்தது. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போய், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணும் விழுப்புரம்தான் போகிறது என்று இழுத்து இழுத்துச் சொன்னார். ஆண்டை கோபக்காரர் இல்லை, சிரித்த முகம். "ஏறிக்கச் சொல்லு சவரி, பொட்டியும் இருக்குது, கனம் ஆவும்" என்றார். புதுப் பாவாடை தாவணியோடு, தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டிக்கிக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தார் ரோட்டில் எங்களை இறக்கிவிட்டுவிட்டுக் கார் போயிற்று. விழுப்புரத்துக்குத்தான் போயிற்று. ஆண்டை தனியாக ஓட்டிக்கொண்டு போனார், பக்கத்துச் சீட்டு காலி, பின்சீட்டு முழுக்கக் காலி. நாங்கள் அங்கேயே நின்று, வந்த பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் போய், அங்கே விழுப்புரம் பஸ் பிடித்தோம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அப்பா என் பக்கம் திரும்பி, வண்டி இன்றைக்கு நன்றாகக் கரை ஏறியது இல்லையா என்று கேட்டார். திருப்தியாகக் கேட்டார். எனக்கு ஆண்டை மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா இறந்த பிறகு, அப்பாவை ஒரு குளிர்காலமாவது என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரவழைத்தேன். விசிட் விசாவில் வந்தார். ஏர்போர்ட்டுக்குப் போகும் முன் காரைக் கழுவி, முன்சீட்டில் ஒரு கம்பளி விரித்து, ஹீட்டரைப் போட்டு வைத்தேன். அப்பா காரைச் சுற்றி வந்து பார்த்தார். நான் கதவைத் திறந்ததும் முன்சீட்டில் உட்கார்ந்தார். பெல்ட்டை நானே இழுத்து மாட்டிவிட்டேன். நான் அன்றைக்கு எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் பனிக்கட்டி, பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி நேராயிற்று. பெட்ரோல் பங்க்கில் நான் இறங்கியதும் அவரும் இறங்கி, பின்கதவைத் திறந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்னால் அனல் காற்று மூஞ்சியில் அடிக்கிறது என்றார். ஹீட்டரைக் குறைக்கிறேன் என்றேன். இங்கேயே நன்றாக இருக்கிறது என்றார். அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் முன்சீட்டுக்கு வரவே இல்லை.

கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டேன். அது போலீஸ் வண்டியாக இருந்ததால் பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது. பிடித்துக்கொண்டு போகிறவர்கள் குதித்து ஓடக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லியும் பயமுறுத்தினேன், பின்னால் உட்கார்ந்தால் நீயாக இறங்க முடியாதுப்பா என்று. நீ திறந்து விடு என்றார். எனவே ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் நான் இறங்கி, சுற்றி வந்து, அப்பாவுக்குப் பின்கதவைத் திறந்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் டக் இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபது வயது, பனி தள்ளுவதைத் தவிர வேறு வேலை இல்லாதவர். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் அப்பா ஊரில் பெரிய ஆளா, டிரைவர் வைத்துக் காரில் போய்ப் பழகியவரா என்று கேட்டார். மறுப்பதற்கு எனக்குத் தெம்பு இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்றிலிருந்து டக் அப்பாவைப் பார்த்தால் பாஸ் என்று சொல்லி சல்யூட் அடிப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று அப்பா கேட்டதற்கு அர்த்தத்தைச் சொன்னேன். அப்பா இருமல் வரும்வரைக்கும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தில். நாள் முழுக்கக் கனம் தூக்குகிறேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. என்னோடு தூக்குகிறவர்கள் பிலிப்பைன்ஸ்காரிகள், நைஜீரியாக்காரிகள், கேரளத்துப் பெண்கள். இந்த நாட்டுக்குப் பின்னால் கனம் தேவைப்பட்டது, எங்களை ஏற்றிக்கொண்டது என்று சில நாட்களில் தோன்றும். தார் ரோடு வந்ததும் என்ன செய்வார்கள் என்றும் தோன்றும். சம்பளம் வந்ததும் அந்த நினைப்பெல்லாம் போய்விடும், பொய் சொல்வானேன். ஆனால் முதுகு வலியோடு வீட்டுக்கு வந்து, அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போகக் காரில் உட்கார்ந்து, கண்ணாடியில் அப்பா பின்சீட்டின் நட்டநடுவில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் சோர்வு இரட்டிப்பாகும். கடல் கடந்து வந்தாலும் இந்த மனுஷன் மாற மாட்டார், ஒரு முன்சீட்டில்கூட உரிமையாக உட்காரத் துணிய மாட்டார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் முழுக்கப் பனி பெய்திருந்தது. பூசைக்குக் கிளம்பி, காரை வீட்டின் பின்சந்துக்கு எடுத்தேன். சந்தின் நடுவிலேயே பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தேன், பள்ளம் ஆழமானதுதான் மிச்சம். வீட்டுக்காரருக்கு அன்று வேலை. நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து, அப்பாவைக் குளிரில் நிற்காமல் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு, மண்வெட்டி எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். திரும்பி வந்தால் அப்பா டிக்கி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த தடித்த கோட்டு, குரங்குக் குல்லா, இரண்டு காலும் பம்பருக்கு வெளியே தொங்குகின்றன. அந்தப் பக்கம் டக் தன் வேலியோரத்தில் நின்று, ஆபத்து, இறங்குங்கள் என்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார். வழக்கமான சல்யூட் என்று நினைத்து அப்பாவும் கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"எறங்குப்பா. உன் கால்ல வுழுறேன், கீழ எறங்கு."

"ஏம்மா கத்தற? கனம் இல்லாம இது ஏறாது. நீ போய் உக்காரு. ஆக்சிலேட்டர மெதுவா குடு, ஒரேடியா அழுத்தாத."

அவர் இறங்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் அப்பாவின் முதுகு தெரிந்தது, மெதுவாக மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. அவர் உடம்பை அழுத்தி அழுத்திக் கொடுக்கிறார். நான் அழுதுகொண்டே ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுத்தேன். சக்கரம் பிடித்தது. வண்டி பள்ளத்திலிருந்து ஏறிச் சந்தின் முனைக்கு, பனி வாரிய ரோட்டுக்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். அப்பா சறுக்கிக்கொண்டு இறங்கினார், பழக்கப்பட்ட இறக்கம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான், டிக்கி மேல் அப்பா, தார் ரோடு. எந்தக் காட்சியை அழிக்க இந்தக் காரை வாங்கினேனோ அதையே நான் என் கையால் ஓட்டி முடித்திருந்தேன்.

டக் மூச்சிரைக்க நடந்து வந்தார். உங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் அங்கேதான் உட்காருவார்களா என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன். இவர் பாஸ் இல்லை, கூலி வேலை செய்தவர், முதலாளியின் கார் சேற்றில் சிக்கினால் கனத்துக்கு இவரை டிக்கியில் உட்கார வைப்பார்கள் என்றேன். டக் முகம் மலர்ந்துவிட்டது. நானும் சின்ன வயதில் அண்ணன் தம்பிகளோடு பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வயலுக்குப் போவேன், அந்தச் சந்தோஷமே தனி என்றார். அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பாவும் அவர் தோளைத் தட்டினார். நான் அதற்கு மேல் விளக்கவில்லை.

பூசைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் ஈரக் காலுறையைக் கழற்றி, வெந்நீரில் காலை வைத்துவிட்டு, கேட்டேவிட்டேன். அந்த ஊர்ப் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் என்ன, உன் மகள் வாங்கிய வண்டியில் முன்னால் உட்கார உனக்கு என்ன பயம் என்று கேட்டேன். அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"பயமா? எனக்கு இன்னா பயம்? மொத நாளு ஏர்போர்ட்லேந்து வரச்சொல்லவே பாத்தேன், பின்னாடி ஆடுச்சி. நம்ம அம்பாசிடர் மாரியே பின்னாடி தள்ற வண்டி. நீயும் முன்னாடி, நானும் முன்னாடி உக்காந்துகினா பின்னாடி யாரு கனம்?"

"அதுக்காவா இத்தினி நாளும் பின்னாடி உக்காந்துகினு வந்த?"

"வேலைக்கிப் போய் வர்ற பொண்ணு. நான் கூட வர்ற நாளாவது வண்டி ஆடாம போவட்டும்னுதான்."

"உன்ன கனத்துக்கா இங்க கூட்டியாந்தேன்?"

அப்பா தண்ணீருக்குள் காலை அசைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், "எம் பொண்ணு வண்டிக்கி நான் கனம் இல்லாம வேற எவன்மா கனம்?"

அங்கே அவரை உட்கார வைத்தார்கள், இங்கே அவராக உட்கார்ந்தார். இரண்டும் ஒன்றில்லை என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் கண்ணாடியில் தெரிந்த முதுகு அதே முதுகு. அதை நினைத்தால் வருவது பாசமா, அவமானமா என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று மத்தியானம் நான் சமைக்கவும் இல்லை, இருந்த பழைய குழம்பையே சுட வைத்துப் போட்டேன்.

இங்கே பனிக்காலத்தில் பெட்ரோல் பங்க்கிலேயே மணல் விற்பார்கள், நீள நீளமான பைகளில். டிக்கியில் போட்டுக்கொள்வதற்குத்தான். டக் முதல் வருடமே சொன்னார். முதுகு வலியில், கனம் தூக்கித் தூக்கிச் சலித்த எரிச்சலில், காருக்கும் கனம் தூக்க வேண்டுமா என்று நான்தான் விட்டுவிட்டேன். மறுநாள் வேலை முடிந்து வரும்போது வாங்கி வந்தேன். சக்கரத்துக்கு நேர் மேலே வருகிற மாதிரி அடுக்க வேண்டும் என்று டக்கும் அப்பாவும் சேர்ந்து கையாலேயே பேசிக்கொண்டு அடுக்கினார்கள். அப்பா ஒவ்வொரு பையையும் தட்டிப் பார்த்தார். பிறகு நான் முன்கதவைத் திறந்து நின்றேன். அப்பா வந்து உட்கார்ந்தார். பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டார்.

அதன் பிறகு ஊருக்குப் போகும்வரைக்கும் முன்சீட்டில்தான். நான் ஆசைப்பட்டது நடந்தது. நடந்தபோது நான் நினைத்திருந்த மாதிரி ஒன்றும் ஆகிவிடவில்லை. அப்பா பெரும்பாலும் தூங்கிவிடுவார். விழித்திருந்தால் வழியில் போகிற லாரிகளைப் பார்ப்பார், திண்டிவனத்தில் மேம்பாலத்துக்குக் கீழே இப்போது எவ்வளவு நெரிசல் என்பார். எங்கள் ஊர் ஏரிக்கரை மேல் காலனி வரைக்கும் தார் போட்டுவிட்டார்கள், ஆண்டையின் அம்பாசிடர் எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது, அவரே இப்போது ஷேர் ஆட்டோவில்தான் திண்டிவனம் போகிறார், தன்னைப் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுப்பார் என்றார். எந்த வன்மமும் இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் அந்த ஆள் மேல் ஆத்திரம் தீரவில்லை.

தவக்காலம் தொடங்கும் முன் ஊருக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இங்கேயே இருந்துவிடு என்று நான் கேட்டதற்கு, குளிர் பேஜாராக இருக்கிறது, பேச ஆள் இல்லை என்று இரண்டே காரணம் சொன்னார். ஒரு மத்தியானம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த முதல் நாள் வண்டி ஆடிய அதே திருப்பம் வந்தது. மெதுவாகத்தான் திருப்பினேன். ஆனாலும் பின்னால் லேசாக, நூல் அளவு, ஒரு ஆட்டம். அப்பா தலையைத் திருப்பி, யாரும் இல்லாத பின்சீட்டைப் பார்த்தார்.

"மணலு பத்தலம்மா. நான் போனதும் இன்னோரு மூட்ட போட்டுக்கோ" என்றார்.

அவரை அனுப்பிவிட்டு வரும் வழியிலேயே இன்னொரு பை வாங்கினேன். டிக்கியைத் திறக்க மனம் வரவில்லை. பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் நடுவில் நிமிர்த்தி வைத்தேன். சாய்ந்தது. பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

இப்போது இங்கே கோடை. சாலையில் பனி இல்லை, ஈரம் இல்லை, சுள்ளென்று வெயில். டிக்கியில் இருந்த மணலை டக் கேட்டார், அவர் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டேன். பின்சீட்டில் இருப்பதை எடுக்கவில்லை. வீட்டுக்காரர் ஒரு முறை கேட்டார், பிறகு கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வண்டியில் உட்காரும் நேரத்துக்கு ஒலக்கூரிலிருந்து அப்பா போன் செய்வார். அங்கே அப்போது பொழுது சாய்ந்து இருட்டியிருக்கும், பின்னணியில் பஸ் ஹாரன் கேட்கும். சாப்பிட்டாயா என்று கேட்கும் முன்பே, "வண்டி ஆடுதாம்மா?" என்று கேட்பார்.

"ஆடலப்பா" என்பேன். காய்ந்த ரோட்டில் எப்படி ஆடும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் கண்ணாடியில் பின்சீட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.